சாப்பாட்டு மேசையும் சட்டமன்றமும்

 

அமெரிக்க அரசியலைப் பேசப் போகிறேன் என்றதும் உங்கள் மனக்கண் முன்னே வெள்ளை மாளிகை எழுந்து நிற்கும். வெண்பளிங்குத் தூண்களும் வீரர் அணிவகுப்பும் தோன்றும். அங்கே நான் உங்களை அழைத்துச் செல்லப் போவதில்லை. அதனினும் ஆற்றல் வாய்ந்த வேறோர் அரங்கைக் காட்டப் போகிறேன். அந்த அரங்கிலே ஒலிபெருக்கி இல்லை, தோரணம் இல்லை, மாலை இல்லை, மரியாதை இல்லை. நான்கு கால்கள் கொண்ட ஒரு மேசை உண்டு. அதைச் சுற்றி ஐந்தாறு நாற்காலிகள் உண்டு. மேசைமீது ரொட்டியும் வெண்ணெயும், வெந்த உருளைக்கிழங்கும் இறைச்சியும் ஆவி பறக்க இருக்கின்றன. தந்தை தலை கவிழ்ந்து செபம் சொல்கிறான். பிள்ளைகள் கண்மூடி அமர்ந்திருக்கின்றனர். தாய் பரிமாறுகிறாள். அமெரிக்கப் பழமைவாதியின் வீட்டுச் சாப்பாட்டு மேசை அது!

"சோறு தின்னும் இடத்திலே அரசியல் ஏது?" என்று கேட்பீர்கள். அந்த நாட்டை 8 ஆண்டுகள் ஆண்டவர், பழமைவாதிகள் இன்றும் பாசத்தோடு பெயர் சொல்லும் ரொனால்டு ரீகன் அளித்த விடை இருக்கிறது. 1989ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள், பதவி விட்டு இறங்கும் வேளையிலே, நாட்டு மக்களிடம் விடைபெற்றுப் பேசினார் அவர். அமெரிக்காவிலே எழுந்த பெரிய மாறுதல் எல்லாம் இரவுச் சாப்பாட்டு மேசையிலேதான் தொடங்குகிறது என்று அந்த உரையிலே சொன்னார். நாளை இரவே உங்கள் வீட்டுச் சமையலறையிலே பேச்சைத் தொடங்குங்கள் என்றும் வேண்டிக்கொண்டார்.

படையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம் அவர். பணத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சமையலறையைச் சொன்னார். ஏன் சொன்னார்? அந்த அறையிலேயிருந்துதான் அவரே வந்தார், தோழர்களே!

நம்மிலே பலருக்கு ஒரு நினைப்பு உண்டு. பழமைவாதம் என்பது கோடீசுவரர்கள் கூடிச் செய்யும் சூழ்ச்சி என்று நினைக்கிறோம். பாதி உண்மை அது. பணம் படைத்தோர் பணம் கொடுத்தனர். ஆனால், ஒரு கோடீசுவரனுக்கு எத்தனை வாக்கு? ஒன்றே ஒன்று! மீதிக் கோடி வாக்குகளை யார் தந்தனர்? அறை வாடகைக்கும் பள்ளிச் செலவுக்கும் கணக்குப் பார்க்கும் குடும்பங்கள் தந்தன. அந்தக் குடும்பங்கள் ஏன் தந்தன என்பதை அறியாதவன், பழமைவாதத்தை எதிர்த்து ஒரு கூட்டம் பேசலாம். ஒரு தொகுதியை வெல்ல முடியாது.

ஆகவே வாருங்கள், கலிபோர்னியா மாநிலத்துக்குப் போவோம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குத் தெற்கே ஆரஞ்சு கவுண்டி என்றொரு வட்டாரம். பெயருக்கேற்ப ஆரஞ்சுத் தோப்புகள் நிறைந்திருந்த மண் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தோப்புகள் சாய்ந்தன; வரிசை வரிசையாக வீடுகள் முளைத்தன. வானூர்திக் கருவிகளும் ஏவுகணைக் கருவிகளும் செய்யும் ஆலைகள் வந்தன. நாட்டின் நடுப்பகுதியிலிருந்தும் தெற்கிலிருந்தும் இளங்குடும்பங்கள் அங்கே குடியேறின. கணவன் காலையிலே ஆலைக்குப் போய்விடுவான். மனைவி? புது ஊர், புது வீடு, தெரியாத முகங்கள். அந்தத் தனிமையிலே பிறந்தது ஒரு பழக்கம். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் ஒரு வீட்டிலே கூடிக் காப்பி குடிப்பர், பேசுவர்.

நாடகம் எழுதிப் பழகிய கை இது. ஆகவே, 1964ஆம் ஆண்டு அங்கே நடந்திருக்கக்கூடிய ஒரு பேச்சைக் காட்சியாகவே தீட்டுகிறேன். பாத்திரங்களுக்குப் பெயர் வேண்டாம். ஒரு வீட்டுக் கதையன்று, ஒரு வட்டாரத்தின் கதை.

"வீடு பிடித்திருக்கிறதா, அம்மா?"

"வீட்டுக்கென்ன குறை? ஊர்தான் இன்னும் பழகவில்லை. கன்சாசிலே என் தாயார் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். இங்கே யாரைத் தெரியும் எனக்கு?"

"நானும் அப்படித்தான் வந்தேன். இப்போது பார், தெருவெல்லாம் எனக்கு உறவு. பிள்ளை பள்ளிக்குப் போகிறானா?"

"போகிறான். பள்ளியிலே இப்போது செபம் சொல்வதில்லையாமே?"

"நீதிமன்றம் கூடாதென்று சொல்லிவிட்டது."

"நம்மைக் கேட்டார்களா?"

"நம்மை யார் கேட்கிறார்கள்? வரியை மட்டும் மறக்காமல் கேட்கிறார்கள்!"

"என்ன செய்வது, சொல்லுங்கள்."

"வியாழக்கிழமை மாலை என் வீட்டுக்கு வா. ஆறேழு பேர் வருகிறார்கள். ஒரு படம் போட்டுக் காட்டுவார்கள். பிறகு பேசுவோம். குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்துவிடு. பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது."

காட்சி முடிந்தது. எண்ணிப் பாருங்கள், தோழர்களே! கட்சியின் பெயர் ஒரு முறையேனும் வந்ததா? வேட்பாளர் பெயர் வந்ததா? இல்லை. தனிமை வந்தது. பிள்ளை வந்தான். பள்ளி வந்தது. வரி வந்தது. கடைசியிலே ஓர் அழைப்பு வந்தது. அரசுப் பள்ளிகளிலே அதிகாரபூர்வமான செபம் கூடாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1962ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு பைபிள் ஓதுவதையும் தடுத்தது. சட்ட நூலிலே அது சமயச் சார்பின்மை. அந்த வீட்டு மேசையிலே அது, "என் பிள்ளையை என்னிடமிருந்து பறிக்கிறார்கள்" என்ற அச்சமாக மாறியது. அச்சத்தை அழைப்பாக மாற்றத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தனர்.

வேடிக்கை ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் நம் வாழ்விலே தலையிடக் கூடாது என்று முழங்கிய அந்த வட்டாரத்திலே, அடுப்பு எரிந்தது யாரால்? அரசாங்கத்தின் இராணுவ ஒப்பந்தங்களால்! ஆலைக்கு வேலை தந்தது அரசு. ஆலையிலே சம்பளம் வாங்கியவன், அரசே அகன்று நில் என்றான். முரண் மேசையிலே உட்கார்ந்து உணவருந்தியது. யாரும் அதனை அடையாளம் காணவில்லை.

அதே 1964. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று தீர்மானிக்கும் போட்டி. ஒரு பக்கம் அரிசோனா மாநிலத்துப் பாரி கோல்டுவாட்டர், பழமைவாதிகளின் படைத்தலைவர். மறு பக்கம் நியூயார்க் ஆளுநர் நெல்சன் ராக்பெல்லர், பெருஞ்செல்வர், மிதவாதி. கலிபோர்னியாவிலே சூன் 2ஆம் நாள் வாக்கெடுப்பு. ராக்பெல்லர் முதல் மனைவியை விவாகரத்துச் செய்து, 1963ஆம் ஆண்டு மறுமணம் புரிந்தவர். வாக்கெடுப்புக்கு மூன்று நாள் முன்னதாகப் புது மனைவிக்கு மகன் பிறந்தான். பத்திரிகைகள் அதைப் பறைசாற்றின. அவரது வரிக்கொள்கை என்ன, வெளிநாட்டுக் கொள்கை என்ன என்பவை மறைந்தன. "கட்டிய மனைவியைக் கைவிட்டவர்" என்பதே வீடுகளிலே பேச்சாயிற்று. வீடு வீடாகக் கதவு தட்டிய கோல்டுவாட்டரின் தொண்டர்களுக்கு அந்தப் பேச்சு வழிவிட்டது. மயிரிழையிலே வென்றார் கோல்டுவாட்டர்.

நவம்பரிலே என்ன ஆயிற்று? படுதோல்வி! லிண்டன் ஜான்சன் நூற்றுக்கு 61 வாக்குகள் பெற்றார். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் வாக்குகள் 538இலே கோல்டுவாட்டருக்குக் கிடைத்தவை வெறும் 52. சொந்த மாநிலமும் தெற்கிலே ஐந்து மாநிலங்களும்தான் மிஞ்சின. பழமைவாதத்துக்குப் பாடை கட்டியாயிற்று என்று எழுதினர் பலர்.

பாடை கட்டியவர்கள் பார்க்கத் தவறியது எதை? தேர்தல் அலுவலகங்களைப் பூட்டினர்; காப்பிக் கூட்டங்களைப் பூட்டவில்லை! அந்த அக்டோபர் 27ஆம் நாள் கோல்டுவாட்டருக்காகத் தொலைக்காட்சியிலே பேசினார் ஒரு நடிகர். ரீகன்தான் அவர். தலைவர் தோற்றார்; பேசியவர் நிலைத்தார். இரண்டே ஆண்டுகளிலே, 1966ஆம் ஆண்டு, ஏறத்தாழ 10 லட்சம் வாக்கு வேறுபாட்டிலே அவர் கலிபோர்னியாவின் ஆளுநரானார். 1980ஆம் ஆண்டு 44 மாநிலங்களை வென்று அதிபரானார்.

மேசையின் புகழை மட்டும் பாடிவிட்டுப் போனால் நான் நேர்மையற்றவன் ஆவேன். மேசைக்கு அடியிலே கிடந்த இருளையும் காட்ட வேண்டும். நிறம் பார்த்து வீட்டை விற்க மறுப்பதும் வாடகைக்கு விட மறுப்பதும் கூடாது என்று 1963ஆம் ஆண்டு கலிபோர்னியாவிலே ஒரு சட்டம் வந்தது. மறு ஆண்டு நவம்பரிலே அந்தச் சட்டத்தை முறிக்கும் 14ஆம் எண் முன்மொழிவு மக்கள் வாக்குக்கு வந்தது. "என் வீடு, என் உரிமை" என்றது மேசைப் பேச்சு. கறுப்பர் என்ற சொல்லை வாயால் சொல்லாமலே கறுப்பர் நுழையக் கூடாதென்று கதவடைக்கும் கலை அது! முன்மொழிவு மூன்றிலே இரண்டு பங்கை நெருங்கும் ஆதரவோடு வென்றது. கேளுங்கள் இதை: அதே நாள், அதே மாநிலம், அதே மக்கள், கோல்டுவாட்டரைத் தோற்கடித்து ஜான்சனுக்கு வாக்களித்திருந்தனர். நாட்டுக்கு முற்போக்கு; என் தெருவுக்கு வேண்டாம்! ஊர் வேறு, சேரி வேறு என்று பிரிந்து கிடந்த கொடுமையைக் கண்ட நமக்கு இந்தத் தந்திரத்தை விளக்க வேண்டியதில்லை. 1967ஆம் ஆண்டு அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்த முன்மொழிவைச் செல்லாதென்று அறிவித்தது. நீதிமன்றம் சட்டத்தை நீக்கலாம். நெஞ்சிலே ஏறிய பேச்சை நீக்க நீதிமன்றத்துக்கு வலிமை ஏது?

இப்போது ஓர் அம்மையாரை அறிமுகப்படுத்துகிறேன். பெயர் பில்லிஸ் ஷ்லாஃப்லி. இல்லினாய் மாநிலத்துக்காரர், ஆறு பிள்ளைகளின் தாய். கல்லூரிப் படிப்புக்காக, உலகப் போர் நாளிலே இரவு நேரத்திலே வெடிமருந்துத் தொழிற்சாலையிலே துப்பாக்கிக் குண்டுகளைச் சுட்டுச் சோதிக்கும் வேலை பார்த்தவர். 1964ஆம் ஆண்டு கோல்டுவாட்டருக்காக ஒரு சிறுநூலை எழுதித் தாமே அச்சிட்டு, லட்சக்கணக்கிலே பரப்பியவர்.

1972ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், ஆணுக்கும் பெண்ணுக்கும் சட்டத்தின் முன்னே சம உரிமை என்று அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றை அமெரிக்க மேலவை 84க்கு 8 என்ற கணக்கிலே நிறைவேற்றியது. 38 மாநிலங்கள் ஒப்ப வேண்டும். 1973ஆம் ஆண்டு முடிவதற்குள் 30 மாநிலங்கள் ஒப்பிவிட்டன. இன்னும் எட்டே எட்டு! எதிர்க்க யாருமில்லை என்று எண்ணினர்.

எழுந்தார் ஷ்லாஃப்லி. வழக்கறிஞர் படையைத் திரட்டினாரா? இல்லை; இல்லத்தரசிகளைத் திரட்டினார். வீட்டிலே சுட்ட ரொட்டியையும் வீட்டிலே காய்ச்சிய பழப்பாகையும் எடுத்துக்கொண்டு சட்டமன்ற உறுப்பினர்களின் வாயிலுக்குச் சென்றனர் அந்தப் பெண்கள். "உங்கள் மகளைப் போர்க்களத்துக்கு இழுத்துப் போவார்கள், மனைவியைக் காப்பாற்றும் கடமையிலிருந்து கணவனை விடுவிப்பார்கள்" என்று பேசினர். வியட்நாமிலே போர் நடந்த காலம். பிள்ளைகளைப் படைக்குக் கட்டாயமாக அழைத்துக்கொண்டிருந்த காலம். மகன்களை அனுப்பித் தவித்த தாய்மார்களின் காதிலே, மகளும் போவாள் என்ற சொல் எப்படி விழுந்திருக்கும்!

சம உரிமை வேண்டும் என்றோர் அறிக்கை விட்டனர். வேண்டாம் என்றோர் ரொட்டி சுட்டனர். 1982ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் கெடு முடிந்தது. 35 மாநிலங்களோடு நின்றது திருத்தம். பின்னர் நெவாடா 2017இலும், இல்லினாய் 2018இலும், வர்ஜீனியா 2020இலும் ஒப்புதல் தந்தன. ஆயினும் கெடு கடந்துவிட்டது என்ற வழக்கிலே சிக்கி, அத்திருத்தம் அரசியலமைப்பு ஏட்டிலே ஏறவில்லை.

பெண்ணுக்கு இடம் வீடு என்றார் ஷ்லாஃப்லி. அதைச் சொல்ல அவர் வீட்டிலேயா இருந்தார்? ஊர் ஊராகச் சென்றார். இருமுறை நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டார். ஐம்பது வயதைக் கடந்த பிறகு சட்டம் படித்துப் பட்டம் பெற்றார். வீட்டின் பெருமையைப் பாட வீதிக்கு வந்த அந்தப் பெண்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது, எழுதக் கற்றுக்கொடுத்தது, கூட்டம் கூட்டக் கற்றுக்கொடுத்தது எது? எந்த விடுதலையை எதிர்த்தனரோ அந்த விடுதலையின் ஒரு துளிதான்!

மேசைக்கு இன்னும் இரு விருந்தாளிகள் வந்தனர். ஒருவர் ஜேம்ஸ் டாப்சன் என்ற உளநூல் வல்லுநர். பிள்ளை அடம் பிடித்தால் என்ன செய்வது, கணவன் பேசாமலிருந்தால் என்ன செய்வது என்று எழுதத் தொடங்கியவர். 1977ஆம் ஆண்டு குடும்ப நலனுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கி, வானொலியிலே ஆலோசனை சொன்னார். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவரை நம்புவதுபோல், குடும்பத்துக்குக் குழப்பம் என்றால் அவரை நம்பினர் தாய்மார்கள். நம்பிக்கை வளர்ந்த பின்னர், கருக்கலைப்பு, பள்ளிப்பாடம், தேர்தல் என்று பேச்சு நீண்டது. மற்றவர் ரஷ் லிம்பா. அரசியல் சர்ச்சையிலே இரு தரப்பையும் ஒலிபரப்ப வேண்டும் என்றிருந்த விதி 1987ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. மறு ஆண்டே நாடு முழுதும் ஒலிக்கத் தொடங்கியது அவர் குரல். நண்பகல் உணவு வேளையிலே மூன்று மணி நேரப் பேச்சு! அவர் பேச்சைக் கேட்டபடியே உண்பதற்கென்று சில உணவு விடுதிகளிலே தனி அறைகளே ஒதுக்கினர். நாற்பது ஆண்டுகளாக எட்டாதிருந்த கீழவைப் பெரும்பான்மையை 1994ஆம் ஆண்டு குடியரசுக் கட்சி பிடித்தபோது, புதிய உறுப்பினர்கள் அவரைத் தங்களுள் ஒருவராகக் கொண்டாடினர்.

சரி, இத்தனை ஆண்டு பேசிய பேச்சு அந்தக் குடும்பத்துக்கு என்ன கொடுத்தது? ஏட்டை எடுத்துக் கணக்குப் பார்ப்போம்.

விவாகரத்துச் செய்தவர் என்று 1964இலே ராக்பெல்லரைத் தள்ளிய மேசை, 1980இலே யாரை அமர்த்தியது? விவாகரத்துச் செய்தவராக அந்நாட்டு அதிபர் பதவிக்கு வந்த முதல் மனிதர் ரீகன்! அதுமட்டுமா? யார்மீது குற்றம் என்று மெய்ப்பிக்காமலே மணமுறிவு பெறலாம் என்ற கலிபோர்னியச் சட்டத்திலே 1969ஆம் ஆண்டு ஆளுநராகக் கையெழுத்திட்டவரும் அவரே. 2016ஆம் ஆண்டு இருமுறை மணமுறிவு கண்டு, மூன்றாம் மணம் புரிந்த டொனால்டு டிரம்ப்பையும் அதே மேசை ஏற்றது. நம்மவர் என்றால் மன்னிப்பு, மாற்றார் என்றால் தீர்ப்பு! பேச்சு நீதியிலே தொடங்கி நேசத்திலே முடிந்தது.

அது போகட்டும். பிள்ளை பெற்ற தாயின் கணக்கைப் பாருங்கள். 1971ஆம் ஆண்டு, நாடெங்கும் குழந்தைகள் காப்பகம் அமைக்க வழிசெய்யும் சட்டத்தை இரு அவைகளும் நிறைவேற்றின. அதிபர் நிக்சன் மறுப்பாணையிட்டார். குடும்பம் வளர்க்க வேண்டிய பிள்ளையைக் கூட்டமாக வளர்ப்பதா என்பது அவர் சொன்ன காரணங்களிலே ஒன்று. பேறுகாலத்திலும் நோய்க்காலத்திலும் வேலை பறிபோகாமல் விடுப்பு வேண்டும் என்ற சட்டம் வந்தது. 1990இலே ஒரு முறை, 1992இலே மறு முறை, மறுப்பாணையிட்டார் மூத்த புஷ். 1993ஆம் ஆண்டு கிளின்டன் கையெழுத்திட்டார். அதிலே கிடைத்தது என்ன? 12 வார விடுப்பு, சம்பளம் இல்லாமல்! சிறு நிறுவனங்களிலே வேலை செய்வோருக்கு அதுவும் இல்லை. உலகத்தின் பெருஞ்செல்வ நாட்டிலே, பிள்ளை பெற்ற தாய்க்குச் சம்பளத்தோடு விடுப்பு என்று நாடு தழுவிய சட்டம் இன்றும் இல்லை. மணிக்கு 7.25 டாலர் என்று 2009ஆம் ஆண்டு வந்த கூட்டரசின் குறைந்தபட்சக் கூலி, பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு காசு ஏறவில்லை.

இங்கே இன்னொரு காட்சி. பழமைவாதக் குடும்பம், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் குடும்பம்.

"குழந்தைக்கு ஆறு வாரம்தானே ஆகிறது, அதற்குள் வேலைக்கா?"

"போகாவிட்டால் வீட்டுக் கடனை யார் கட்டுவது?"

"தாய் பிள்ளையோடு வீட்டிலே இருக்க வேண்டும் என்று நேற்றும் வானொலியிலே சொன்னார்களே!"

"சொன்னார்கள். யார் காசிலே என்று சொல்லவில்லை."

அந்த ஒரு வரியிலே உடைகிறது ஐம்பதாண்டுப் பேச்சு! குடும்பம் கோயில் என்றார்கள். கோயிலுக்கு விளக்கெரிக்க எண்ணெய் தர மறுத்தார்கள். அந்த முகாமிலேயே இதை உணர்ந்தவர் சிலர் உண்டு. 2021ஆம் ஆண்டு குடியரசுக் கட்சி மேலவை உறுப்பினர் மிட் ராம்னி, சிறு குழந்தை ஒவ்வொன்றுக்கும் மாதம் 350 டாலர் தரும் திட்டத்தை முன்வைத்தார். சட்டமாகவில்லை அது.

"ஆக, ஏமாந்த மக்கள் அவர்கள்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்க்கிறீர்களா? சிரிக்காதீர்கள்! அங்கேதான் அவர்களது எதிராளிகள் இடறினர். 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், ஹில்லாரி கிளின்டன் அம்மையார் டிரம்ப்பின் ஆதரவாளர்களிலே பாதிப்பேரை இழிந்தோர் கூடையிலே போடலாம் என்று பேசினார். கூடை என்ற சொல் நாட்டின் ஒவ்வொரு மேசைக்கும் போய்ச் சேர்ந்தது. நிறவெறி பேசுவோர் அவர்களிடையே இல்லையா? இருந்தனர். ஆனால், மூடிய ஆலையின் முன்னே நின்ற தகப்பனும், போதை மாத்திரைக்கு மகனைப் பலிகொடுத்த தாயும், "என்னையுமா கூடையிலே போட்டாய்?" என்றே கேட்டனர். நவம்பரிலே விடை எழுதினர்.

2024ஆம் ஆண்டு நடந்தது என்ன? பொருளாதாரம் நலம், புள்ளிவிவரம் பாரீர் என்றனர் ஆட்சியிலிருந்தோர். 2022ஆம் ஆண்டு சூன் மாதத்திலே விலைவாசி ஏற்றம் நூற்றுக்கு 9ஐத் தாண்டியிருந்தது. பிறகு ஏற்றத்தின் வேகம் குறைந்தது. ஏறிய விலை இறங்கவில்லை. மேசையிலே புள்ளிவிவரம் பரிமாற முடியாது. முட்டைதான் பரிமாற முடியும். முட்டை விலை பேசியது. டிரம்ப் 312 தேர்வாளர் வாக்குகளோடு மீண்டு வந்தார்.

இத்தனைக்கும் பிறகு அந்த மேசை இன்று எப்படி இருக்கிறது? நவம்பர் மாத நான்காம் வியாழக்கிழமை, நன்றி சொல்லும் நாள் என்று குடும்பம் முழுதும் கூடி உண்ணும் பண்டிகை அங்கே. கல்லூரியிலிருந்து மகள் வருகிறாள். தந்தையோடு ஒரு சொல் தடிக்கிறது. தட்டைத் தள்ளிவிட்டு எழுகிறாள். "இந்த ஆண்டு அரசியல் பேச வேண்டாம்" என்று முன்கூட்டியே கெஞ்சுகிறாள் தாய். குடும்பத்தைக் காக்கவென்று தொடங்கிய பேச்சு, குடும்பத்தையே கூறுபோட்டு நிற்கிறது. அச்சத்தையே ஊட்டி வளர்த்த பேச்சுக்கு நேர்ந்த கதி அது, தோழர்களே! அயலானைப் பார்த்து அஞ்சப் பழகியவன், ஒரு நாள் சொந்த மகளைப் பார்த்தும் அஞ்சுவான்.

நமக்கு இதிலே என்ன? மூன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று: மாற்றார் வீட்டு மேசையிலே என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள். கேலி செய்ய அல்ல, அறிந்துகொள்ள. மூடநம்பிக்கை என்று நாம் முத்திரையிடும் பேச்சுக்கு உள்ளே ஒரு தாயின் கவலை முனகிக்கொண்டிருக்கலாம். மூடநம்பிக்கையை அடியுங்கள், முனகலை மிதிக்காதீர்கள்.

இரண்டு: அச்சத்துக்கு மாற்றாக இன்னோர் அச்சத்தைக் கொண்டுபோகாதீர்கள், கணக்கைக் கொண்டுபோங்கள். கூலி எவ்வளவு, விடுப்பு எத்தனை நாள், குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார், மருந்துக்குக் காசு யாருடையது என்று வீட்டுக் கணக்கிலே பேசுங்கள். "யார் காசிலே?" என்ற அந்தத் தாயின் கேள்வி, நூறு மாநாட்டுத் தீர்மானத்துக்கு நிகர்.

மூன்றாவது, சற்றே கசப்பானது. மேடையிலே சமத்துவம் முழங்குகிறோம். மாலை வாங்குகிறோம். நள்ளிரவிலே வீடு திரும்புகிறோம். தூக்கக் கண்ணோடு எழுந்து சோறிடும் துணைவியிடம் என்ன பேசுகிறோம்? "உப்பு குறைவு" என்கிறோம்! அவள் யாருக்கு வாக்களிப்பாள் என்று கேட்டதுண்டா? ஏன் என்று கேட்டதுண்டா? ஆரஞ்சு கவுண்டிப் பழமைவாதிகள் பெண்ணுக்கு இடம் வீடு என்று சொல்லிக்கொண்டே, வீட்டிலிருந்த பெண்ணிடம் பேசினர், நாட்டைப் பிடித்தனர். பெண்ணுக்கு உலகமே இடம் என்று சொல்லும் நாம், வீட்டிலிருப்பவளிடம் பேசாமலிருந்தால் வெட்கம் யாருக்கு? அதைவிட, அவள் பேசும்போது கேட்காமலிருந்தால் நட்டம் யாருக்கு?

ஊர்வலம் வேண்டும், மாநாடு வேண்டும், ஏடும் எழுத்தும் வேண்டும். ஆயினும், ஏட்டை மடித்து வையுங்கள் இப்போது. உள்ளே அவர் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். குறுக்கே பேசாமல் கேளுங்கள். அடுத்த தேர்தலின் முதல் கூட்டம் அதுதான்.